நனைத்து வைத்த பெட்டிகள்

நான் பஸ் டெப்போவில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். பிரேக் பிடிக்காத வண்டி வெளியே போகக் கூடாது, டீசல் திருட்டுப் போகக் கூடாது, ஸ்டாண்டில் யாரும் யார் கழுத்துச் சங்கிலியையும் அறுக்கக் கூடாது. இதெல்லாம் எந்த ஊரிலும் உண்டு. விருதுநகர் பக்கம் இன்னொன்றும் சேரும், பஸ்ஸில் பட்டாசு ஏறக் கூடாது. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். என் ஜீப் உள்ளே நுழைந்தால் டிரைவர்கள் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் எனக்கு வேட்டை. சிவகாசிப் பக்கத்துக் கம்பெனிகளில் போனஸோடு ஆளுக்கு ஒரு பட்டாசுப் பெட்டியும் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் வேலையாட்களைக் கொண்டுவந்து விடுகிற வேன்கள் அந்த வாரம் லோடு ஏற்றப் போய்விடும். பெட்டியும் கையுமாகப் பெண்கள் ரோட்டில் நிற்பார்கள். வேறு வழி கிடையாது, எங்கள் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். ஏறினால் நான் இறக்குவேன்.

அந்த வருஷம் சிவகாசியிலிருந்து விருதுநகர் வரும் வண்டி ஒன்றைத் திருத்தங்கல் தாண்டி மறித்தேன். அதில் இருந்த கண்டக்டரைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஏழு வருஷமாகத் தினக்கூலி. யாரிடமும் எரிந்து விழமாட்டான், சில்லறை இல்லையென்றால் சிரிப்பான். ஜனங்களுக்கு அவனைப் பிடித்திருந்தது, அதுவே எனக்கு எரிச்சல். தீபாவளி கழிந்து பெர்மனென்ட் ஆர்டர் வரவேண்டிய பட்டியலில் அவனும் இருந்தான். முப்பத்திரண்டு வயதில் பெண் பார்த்திருந்தார்கள். ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிச்சயம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டதாக டெப்போவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கடைசி சீட்டுக்கு அடியில் பெட்டி இருந்தது. ஆமத்தூர்க்காரி ஒருத்தி எழுந்தாள். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைக்கிறவள், நகக்கண்ணெல்லாம் வெள்ளியாய் மின்னும் மருந்துப்பொடி.

"ஐயா, புள்ளைகளுக்கு வச்சிருக்கேன். ஆமத்தூர்ல இறங்கிக்கிடுறேன், விட்டுருங்க."

"பஸ்ஸு எரிஞ்சா உன் புள்ளைக்கு யாரு கஞ்சி ஊத்துவா? இறங்கு கீழ."

கண்டக்டர் நடுவில் வந்தான். "பாவம் சார். வேனெல்லாம் லோடுக்குப் போயிருச்சு. இவுக எதுல போவாக?"

"அப்போ நீதான் ஏத்துனியா?"

அவன் ஒரு நிமிஷம் அந்தப் பெண்ணைப் பார்த்தான். "ஆமா சார். நான்தான் சீட்டுக்கு அடியில வைக்கச் சொன்னேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி அவளோடு போயிருக்கும். கிறுக்குப் பயல். மறுநாள் மதியத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று அங்கேயே மெமோ எழுதி நீட்டினேன்.

பிறகு டிரைவரிடம் ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்க் கேனை வாங்கினேன். பிடிக்கிற பெட்டியை அதன் சொந்தக்காரர் முன்னாலேயே நனைப்பது என் வழக்கம். பார்த்துக்கொண்டே நிற்பார்கள், அடுத்த வருஷம் ஏற்ற மாட்டார்கள். மேலாகத் தண்ணீர் ஊற்றினேன். அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழாமல் கையை நீட்டித் தடுத்தாள்.

"அப்படித் தெளிக்காதீக ஐயா. முக்குனா தொட்டியில முழுசா முக்கிப் போடுங்க. அரை ஈரத்துல மருந்து தானா சூடேறும். மழை பெஞ்சா எங்க கம்பெனியில மருந்து ரூமுப் பக்கம் யாரும் போறதில்ல."

"அவுக சொல்றது நெசம் சார்" என்றான் கண்டக்டர்.

தண்ணீர் பட்டால் தீ பிடிக்குமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, மருந்து அடைக்கிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். "நீ வந்து என் சேர்ல உக்காரு தாயி, நான் போயி சக்கரம் சுத்துறேன்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். மீதித் தண்ணீரையும் வேண்டுமென்றே தெளித்துவிட்டு, பெட்டியை ஜீப்பில் போட்டேன். அவள் அங்கிருந்து வெறுங்கையோடு ஆமத்தூருக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏற நான் விடவில்லை.

டெப்போவில் வண்டிகளுக்கு டீசல் போடும் பங்க்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அந்த வாரம் பிடித்த பெட்டிகள் ஐந்தும் அதில்தான் இருந்தன, எல்லாம் இப்படி நனைத்தவை. பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ரிஜிஸ்டரில் 'நனைத்துப் பாதுகாப்பாக வைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் மதியம் அந்த அறையின் கதவிடுக்கில் புகை வந்தது. யாரோ கத்தினார்கள். மெக்கானிக்குகள் ஓடினார்கள், நானும் ஓடினேன். சாவி என் பையில் இருந்தது. அந்தச் சாவியோடு கேட்டைத் தாண்டி, டீக்கடையையும் தாண்டித்தான் நின்றேன். பயம்தான், வேறென்ன?

விளக்கக் கடிதத்தைக் கொடுக்க வந்த கண்டக்டர் மட்டும் ஓடவில்லை. ஜாக்கி லிவரால் பூட்டை உடைத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக டீசல் பங்க்கிலிருந்து தள்ளி வெட்டவெளிக்கு இழுத்துப் போட்டான். நாலு பெட்டி வெளியே போய்விட்டது. ஐந்தாவது அவன் கையிலேயே வெடித்தது. டீசல் பங்க் தப்பியது, நாற்பது வண்டி தப்பியது.

விசாரணை என்று வந்தால் முதலில் ரிஜிஸ்டரைத்தான் கேட்பார்கள். அதில் என் கையெழுத்து இருக்கிறது. ஒரு பஸ் நிறைய சாட்சி இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அவனை நினைத்து அல்ல, என் வேலையை நினைத்து. விடிந்ததும் உட்கார்ந்து அவன் சொல்வதாக ஒரு வாக்குமூலம் எழுதினேன். மெமோவுக்குப் பயந்து, சாட்சியான பெட்டியைத் திருட்டுத்தனமாக எடுத்துவிடலாம் என்று பூட்டை உடைத்தேன், பீடி நெருப்பு தவறி விழுந்தது, யாரும் காரணமில்லை என்று. அவன் பீடியே குடிக்க மாட்டான். பூட்டை உடைக்கும் முன்பே புகையைப் பார்த்த மெக்கானிக்குகள் என்னை மீறி வாய் திறக்க மாட்டார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணுக்கும் கட்டு, முழங்கை வரை கைக்கும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். என் குரலைக் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"சாரா? நீங்க எதுக்கு சார் இம்புட்டு தூரம் வந்தீக?"

துறைக்கு ஒரு பேப்பர் அனுப்ப வேண்டும் என்றேன்.

"வாசிச்சுக் காட்டுங்க சார்."

வாசித்தேன். உயிரைப் பணயம் வைத்து டெப்போவைக் காப்பாற்றினான் என்று வாசித்தேன். தாளில் இல்லாத ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

"பெர்மனென்ட் ஆர்டருக்குக் குறுக்க ஒண்ணும் வராதுல்ல சார்? பொண்ணு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காக."

"வராதுப்பா." அந்தத் தாள் போனால் ஆர்டர் போகும், வேலை போகும், போலீஸ் கேஸும் வரும். இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருந்தேன்.

கையெழுத்துப் போட விரல் இல்லை. ஸ்டாம்ப் பேடை எடுத்து, போர்வையை விலக்கி, அவன் கால் பெருவிரலில் மை தடவினேன். அவன் பதறிக் காலை உள்ளே இழுத்தான். "ஐயோ, நீங்க போயி என் காலைத் தொட்டுக்கிட்டு..." நான் கணுக்காலைப் பிடித்து இழுத்து, விரலைத் தாளில் அழுத்தினேன். இழுத்த வேகத்தில் அவன் பாதம் என் நெஞ்சில் இடித்தது.

கட்டுப் போட்ட இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கினான். "கால் பட்டுருச்சு சார். மன்னிச்சுக்கோங்க, மனசுல வச்சுக்கிடாதீக."

"பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு, மை காயும்வரை தாளை விசிறிக்கொண்டு நின்றேன்.