ராஜாவின் கடைவாய்ப் பல்

நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். பாதியில் விட்ட பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. ஒன்பது வயதில் ஹூஸ்டன் மியூசியத்தில் பார்த்த எகிப்து ராஜா மட்டும் மறக்கவில்லை.

ராஜா நேரில் வரவில்லை. அவர் மம்மியை ஸ்கேன் எடுத்த படம்தான் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு, முதுகெலும்பில் தேய்மானம் என்று காட்டிக்கொண்டே வந்த கைடு அம்மாள் கடைசியில் தாடைக்கு வந்தார். ரொட்டியில் கலந்த மணல் பல்லைத் தேய்த்துவிட்டதாம். வேரில் சீழ் கட்டி எலும்பையே அரித்திருந்ததாம். உயிர் போனதே அதனால்தானோ என்னவோ, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். மாதக்கணக்காக அவர் இடது பக்கமாகத்தான் மென்றுகொண்டிருந்தார். வலது கன்னத்தில் எந்நேரமும் ஒரு கிராம்பு. அம்மா கேட்டால், “இந்தியா போறப்ப அண்ணன்கிட்ட காட்டிக்கிறேன்” என்பார். பெரியப்பா திருச்சியில் பல் டாக்டர். அப்பா வாயில் அதுவரை வேறு யாரும் கை வைத்ததில்லை.

காரில் கேட்டேன். “அப்பா, நீங்களும் ராஜா மாதிரி ஆயிடுவீங்களா?”

“கிரீடம் குடுத்தா ஆயிடறேன்.” பாதி வாயால் சிரித்தார்.

மறுநாள் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் ஒரு வீட்டில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்து. பிரியாணித் தட்டோடு நின்ற டென்டிஸ்ட் ஆன்ட்டியிடம் போய், எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

“ஆன்ட்டி, அப்பா பல்லுல சீழ் இருக்கு. செத்துப் போயிடுவாரு.”

ஆன்ட்டி தட்டை வைத்துவிட்டு போன் டார்ச்சை எடுத்தார். “அண்ணா, வாயத் தொறங்க. ஐயோ, இத வச்சுக்கிட்டா ஃப்ரீவேல டிரைவ் பண்றீங்க? நாளைக்கே கிளினிக் வாங்க.”

“இல்லம்மா, டிசம்பர்ல ஊருக்கு...”

“போன டிசம்பரும் இதேதான் சொன்னீங்க” என்றாள் அம்மா.

பல்லை எடுத்தாகிவிட்டது. அப்பா பிழைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சனிக்கிழமை காலை அவர் பெரியப்பாவுக்கு போன் செய்தார்.

“இங்கயே எடுத்துட்டேண்ணா. இல்ல, வலிக்கல. விசா பேப்பர் இன்னும் வரல. இப்ப கெளம்பினா திரும்பி அமெரிக்காவுக்குள்ள வர முடியாதாம். இந்த வருஷமும் இல்லண்ணா.”

போனை வைத்த பிறகும் அவர் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. நான் ஓடிப்போய் ஐஸைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து அவர் கன்னத்தில் வைத்தேன்.

“இங்கயாப்பா வலிக்குது?”

அப்பா தலையாட்டினார். ஐஸ் உருகிச் சட்டை நனையும்வரை கன்னத்தை நகர்த்தவே இல்லை.