மூன்றாவது கதவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவர்கள். அந்த ஏற்பாடு மகள் செய்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "ஸ்கூல்ல என்னைப் பாத்தா சிரிக்காதம்மா. கூப்பிடாத. ஏன்னு கேக்காத."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. காலில் ரப்பர் பூட்ஸோடு அதே பள்ளியின் கழிவறைகளைக் கழுவுகிறவளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் அவள் வாளியைப் பார்ப்பாள், மகள் சுவரைப் பார்ப்பாள். மேடையில் இப்படி நடித்திருந்தால் கைதட்டலாவது கிடைத்திருக்கும்.

ஒட்டி ஒட்டி இருபது குடும்பம் குடியிருக்கிற வரிசையில் ரகசியம் எத்தனை நாள் தாங்கும்? எட்டாம் வகுப்புக்கு வந்தபோது மகளுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்துவிட்டது. பினாயில். அதை வைத்த பிள்ளைகளின் வீட்டிலும் ஒன்றும் பொன் விளையவில்லை. ஒருத்தியின் அப்பா மூட்டை தூக்குகிறவர், இன்னொருத்தியின் அம்மா பழைய பேப்பர் பொறுக்குகிறவள். ஆனாலும் தனக்குக் கீழே ஒருத்தி இருந்தால்தான் சிலருக்குச் சோறு இறங்குகிறது. இதற்குப் பெரியவர்கள், சின்னவர்கள் என்ற பேதம் கிடையாது.

அம்மாவின் வேலை காலை ஆறரைக்குத் தொடங்கி மதியத்தோடு முடியும். ஒருநாள் காலை, பெண்பிள்ளைகள் கழிவறையில் மூன்றாவது கதவின் உள்பக்கம் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். மேலே பினாயில் என்ற பெயர். அதற்குக் கீழே மூன்று வரி. ஒரு தாய் தன் மகளைப் பற்றிப் படிக்கக்கூடாத மூன்று வரி.

சோப்புத்தூளுக்கு அது மசியவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெயின்டரிடம் பெயின்டைக் கரைக்கிற தின்னர் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. மதியத்துக்கு மேல் எவளோ எழுதுவாள், காலையில் இவள் அழிப்பாள். அதற்காகவே அரைமணி முன்னால் வந்தாள். மணி அடிக்கும்போது கதவு பளிச்சென்று இருக்கும். மகள் கண்ணில் படாமல் துடைத்துவிட்டோம் என்று நினைக்கும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்து போகும். உலகத்தில் தன் பிள்ளைக்காகத் தன்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் என்று அதை நம்பினாள்.

கழிவறை வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். உடைசல், அடைப்பு, சுவரில் கிறுக்கல் எதுவானாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கிறுக்கல் என்றால் என்ன எழுதியிருந்தது என்பதையும் எழுதவேண்டும். அந்த வரிகளைத் தன் கையாலேயே எழுத அவளுக்கு மனசு வரவில்லை. 'சுவரில் ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதம், நாள் தவறாமல்.

வீட்டில் மகள் தேய்ந்துகொண்டே வந்தாள். பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள், முகர்ந்து பார்ப்பாள், மறுபடி கழுவுவாள். விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. தூக்கமும் போனது. அம்மா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் மகளிடம் தனியாகப் பேசிவிட்டு, "பயம் ஜாஸ்தியா இருக்கு. மனசு குழம்பிப் போயிருக்கு. சாயங்காலம் ஒரு மாத்திரை, விடாம குடுங்க" என்றார். அம்மா விடாமல் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து வகுப்பு டீச்சர் அவளை அழைத்தார்.

"உக்காருங்கம்மா. உங்க பொண்ணு பொய் சொல்ற பொண்ணு இல்ல. அதான் எனக்குக் கவலையா இருக்கு" என்று தொடங்கினார். "மூணாவது கதவுல தன்னைப் பத்தி எழுதியிருக்குன்னு சொல்றா. சாயங்காலம் பாப்பாளாம். நாங்க அதுக்குள்ள பஸ் ஏறிடுவோம். மறுநாள் காலைல என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவா. போய்ப் பாத்தா ஒண்ணுமே இருக்காது. மூணு தடவை போயிட்டேன். கடைசித் தடவை கதவத் தடவித் தடவிப் பாத்து, 'எனக்கு மட்டுந்தான் தெரியுதா டீச்சர்'னு கேட்டா. நான்தான் ஆஸ்பத்திரில சொல்லுன்னு சொன்னேன்."

அம்மா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்துச்சு டீச்சர். நான்தான் அழிச்சேன். தினமும்."

டீச்சர் மேஜையிலிருந்த நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லைன்னு ஆறு மாசமா எழுதியிருக்கு. அவளும் இதைப் பாத்தா. இது உங்க கையெழுத்துதானே? பொண்ணு மேல பாசத்துல பரிஞ்சு பேசுறீங்க, புரியுது. ஆனா அவ நெனைப்புக்கு நீங்களும் ஆமாம் போட்டா வியாதி முத்திடும்மா."

அவள் என்ன சொன்னாலும் அந்த நோட்டு எதிர்த்துப் பேசியது. கடைசியில் டீச்சர் இரக்கப்பட்டு, "நாளைக்கு இருந்தா அப்படியே விட்டு வைங்க. ஒன்பது மணிக்கு வந்து பாக்கறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் மகளிடம் சொல்லிவிடத்தான் நினைத்தாள். வாய்வரை வந்தது. சொன்னால் அந்த ஆறு மாதமும் தன் தலைமேல் சேர்ந்து விழும். மாத்திரையை மட்டும் கொடுக்காமல் சும்மா இருந்து பார்த்தாள். மகளே வந்து கையை நீட்டினாள்.

"எங்கம்மா மாத்திரை? போட்டாத்தான அதெல்லாம் தெரியாமப் போகும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணத்தைச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. மாத்திரையைக் கொடுத்தாள். தெரிந்தே கொடுத்தாள். அவளை நான் திட்டப்போவதில்லை. அவளே திட்டிக்கொண்டது போதும்.

மறுநாள் காலை எழுத்து இருந்தது. வழக்கத்தைவிடப் பெரிதாக, புதுசாக ஒரு வார்த்தையும் சேர்ந்து: பைத்தியம். அவள் தின்னர் நனைத்த துணியோடு கதவுக்கு முன்னால் நின்றாள். கை தானாகவே எழும்பியது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது மணிவரை இதை அழிக்கக்கூடாது. எட்டே முக்காலிலிருந்து பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் வந்தது மகள்தான். யாரும் வருவதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிட்டுப் போவது அவள் வழக்கம் என்பதே அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவைப் பார்த்தாள். பிறகு, இத்தனை நாள் பள்ளிக்கூடத்தில் செய்யாத காரியமாக, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இது உனக்கும் தெரியுதா?"

"தெரியுது கண்ணு."

"நெஜமாவா? என்ன எழுதியிருக்கு, படி."

எழுத்துக் கூட்டி அம்மா படித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக. மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையாம்மா? நான் நல்லாத்தான் இருக்கேனா?" என்றாள். அப்புறம்தான் அவள் பார்வை அம்மாவின் கையிலிருந்த துணிக்குப் போனது. கறுப்புக் கறை ஏறிப்போன துணி. தின்னர் வாடை.

மகள் குனிந்து அந்தத் துணியை முகர்ந்து பார்த்தாள்.

"நீதான் அழிச்சியா?"

அம்மா தலையாட்டினாள்.

"மாத்திரையும் நீதானேம்மா குடுத்த?"

வெளியே பிள்ளைகளின் சத்தம் நெருங்கி வந்தது. மகள் அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்கி வாளிக்குள் போட்டாள். ஓடிவிடுவாள் என்றுதான் அம்மா நினைத்தாள். அவள் ஓடவில்லை. அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.