வேப்பமரத்தடிக் கொடி

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புக் கொடி கிடக்கிறது. உள்ளங்கை அளவுத் துணி, முழங்கை நீளக் கம்பி. வேறு எதையோ தேடும்போதெல்லாம் இதுதான் கையில் தட்டுப்படும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கரிசல் காட்டில் கம்பெனி ஒன்று வருவதாக இருந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு தொடங்கும் முன், அங்கே பழம்பொருள் ஏதும் உண்டா என்று நடந்து பார்த்து எழுதிக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். தனி ஆள். துணைக்குக் கூலிக்கு வந்தவர் ஓர் அக்கா. சீசன் முடிந்து அவர் வேலை பார்த்த பட்டாசு ஆலை மூடியிருந்த நேரம். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார். முள் குத்துமே என்றால், "பளகிப் போச்சு சார். மருந்து இருக்க எடத்துக்குச் செருப்போட போனா போர்மேன் வைவாருல்லா" என்பார்.

முதல் நாளே நடுக்காட்டில் நின்ற வேப்பமரத்தைக் காட்டினார். வெடி விபத்தில் இறந்த கணவரை அதனடியில்தான் புதைத்திருந்தார்கள். அப்போது காடு அவர்களுடையது; பிறகு கைமாறிவிட்டது. பிள்ளைகளும் இல்லை.

"பளசு எதாச்சும் கெடச்சா இந்த எடத்தை விட்டுருவாகளா சார்?"

வாய்ப்பிருக்கிறது அக்கா என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் கிடைத்தது. மரத்தைச் சுற்றி, வட்டம் வட்டமாக, கறுப்பு சிவப்புப் பானையோடுகள். அடியில் முதுமக்கள் தாழிகள் இருக்கக்கூடும். ஒவ்வோர் ஓட்டின் அருகிலும் ஒரு கொடி நட்டேன். அதற்குள் அளவெடுக்கும் கருவியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எந்த ஓடு எங்கே கிடக்கிறது என்பதைக் காலையில் வந்து பதிந்துகொள்ளலாம் என்று சாத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். எதையும் தொட வேண்டாம் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை, மடையன்.

மறுநாள் நான் நட்ட இடத்தில் ஒரு கொடியும் இல்லை. ஓடுகள் எல்லாம் துடைக்கப்பட்டு, வரப்போரம் ஒரு சாக்கில் இருந்தன. அக்காவின் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"செவப்புக் கொடிய நட்டுட்டுப் போயிட்டீக. யாராச்சும் மிதிச்சா என்னாகும்? சிந்துனத அன்னன்னைக்கே அள்ளிரணும் சார். ஒண்ணு விடல."

அவருக்குச் சிவப்புக் கொடி என்றால் ஆபத்து. ஆலையில் சிந்திய மருந்தை அள்ளாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால் எது எங்கே கிடந்தது என்பது போய்விட்டால், சாக்கில் இருப்பது வெறும் ஓடு.

"அம்புட்டும் பளசுதான? போதும்லா சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால், யாராவது திரும்ப வந்து பார்த்திருப்பார்கள். பதியாமல் பஸ் ஏறினேன் என்று எழுத எனக்கு வெட்கம். 'கிடந்த இடம் தெரியாத ஓடுகள்' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டேன். போன மாதம் அந்த வழியாகப் போனேன். கம்பி வேலி போட்டிருந்தார்கள். மரத்தைக் காணோம். அக்கா எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓடுகளைச் சாக்கில் பார்த்த அன்று, வேலை முடிந்து கிளம்பும்போது வேப்பமரத்தடியில் ஒரே ஒரு கொடி நின்றது. அக்கா நட்டது.

"இது மட்டும் இருக்கட்டும் சார். அவுகள யாரும் மிதிச்சிரக் கூடாதுல்லா."

சரி அக்கா என்றேன். வரப்பில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் போய் மறையும்வரை காத்திருந்தேன். பிறகு, அறிக்கைக்கு எடுக்கும் படத்தில் கொடி விழுந்தால் கேள்வி வருமே என்று அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.