சாத்திய கேட்டுக்கு வெளியே ஒரு ராட்டாந்தூரி

போன செவ்வாய்க்கிழமை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. குளத்துப் பக்கமிருந்து மீன் வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அதில் பாதி மனதைக் கொடுத்துவிட்டு மீதியோடு படத்தைத் திறந்தேன். ஒரு பெரிய ராட்டினம். தொட்டில்களையெல்லாம் கழற்றிவிட்டார்கள், டயர் போன சைக்கிள் ரிம் மாதிரி நின்றது. 'பார்க்கை மூடிவிட்டார்கள். இந்தத் தடவை ஒரேயடியாக' என்று இங்கிலீஷில் கீழே எழுதியிருந்தது. அனுப்பியவள் பெயர் லின். ஆனால் கடைசியில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் 'அம்மணி' என்று போட்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான் போடுவாள்.

பஸ் வந்தது, நிரம்பியது, போயும் விட்டது. நான் ஏறவில்லை. இதை ருக்மணியக்காவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தபடியே நின்றுவிட்டேன்.

உங்களுக்கு ருக்மணியக்காவைத் தெரியாது. சொல்கிறேன். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நான் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்தேன். இரண்டு அறை, ஒரு உலக உருண்டை, சுவரில் நாங்கள் யாரும் போகாத பனிமலைப் படம். எங்கள் பக்கத்து ஆட்களை வெளிநாடு கூட்டிப்போவதென்றால் விசாவுக்கு முன்னால் சமையல்காரரை ஏற்பாடு செய்துவிட வேண்டும். எந்தச் சீமைக்குப் போனாலும் மத்தியானம் நம்மூர்ச் சோறு வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் கோட்டைமேட்டு பாய். ஊரில் அவர் பிரியாணிக்குத்தான் பேர். டூரில் அவர் செய்கிற அரிசிம்பருப்பு சாதத்தைச் சாப்பிட்ட கவுண்டர் வீட்டு அம்மாக்கள், "பாய், எங்களுக்கே இந்தப் பக்குவம் வராதுங்க" என்று ஒப்புக்கொண்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். பூண்டு வாசனையோடு ஹாட்பாக்ஸ் மூடி திறக்கும்போதுதான் டூர் தொடங்கியதாகவே எங்கள் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் முதன்முதலாக என்னை டூர் மேனேஜராக அனுப்பினார்கள். பல்லடம், பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று பேர். பாதிப்பேர் கோழிப்பண்ணை, மீதி தறி, தோட்டம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மஞ்சள் கொடி. கண்ணாடி முன்னால் நின்று கொடியைப் பிடித்துப் பழகினேன் என்பதை இப்போது சொன்னால் தப்பில்லை.

எந்த ஊருக்குப் போனோம் என்று சொல்லப்போவதில்லை. கலவரம் நடந்த ஊர் என்று ஒருதரம் பேர் வாங்கிவிட்டால் அது தேய எத்தனை வருடம் பிடிக்கும் என்று தொண்ணூற்றெட்டைப் பார்த்த கோயமுத்தூர்க்காரனுக்குத் தெரியும். கடற்கரை ஊர். ஊருக்கு வெளியே பெரிய கேளிக்கைப் பூங்கா. அதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் கிளம்பினார்கள். மற்றதெல்லாம் இலவச இணைப்பு.

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் ருக்மணியக்கா. அப்போதே ஐம்பது தாண்டியிருந்தார். பண்ணை வைத்த நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல் ஒரு ராத்திரிக்கு மேல் வீட்டைப் பூட்டியதில்லை; கோழிக்கு லீவு கிடையாதல்லவா. "அங்க பெரிய ராட்டாந்தூரி இருக்குதாமா? அதுல ஒருக்கா ஏறோணுங்க தம்பி" என்றார். ராட்டினத்துக்கு எங்கள் ஊர்ப் பேர் ராட்டாந்தூரி. "சின்னதுல ஊர் நோம்பி, திருவிழான்னா வருமுங்க. அண்ணனுக மூணு பேரும் ஏறுவாங்க. நான் பொட்டப்புள்ளைங்களா, கீழ நின்னு அவிய செருப்புக்குக் காவலுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

விமான நிலையத்தில் லின் நின்றிருந்தாள். அந்த ஊர் வழிகாட்டி. இருபத்தைந்து வயது இருக்கும். எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள். நகரத்தில் போராட்டம் பெரிதாகிவிட்டது. ரயில் ஓடவில்லை, வேலையாட்கள் வந்து சேர முடியவில்லை. இன்று காலையிலிருந்து பார்க் மூடல். நாளை திறக்கலாம், நாளை மறுநாள் திறக்கலாம். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். எந்த குரூப் பாதியில் ரத்துசெய்து ஊர் திரும்புகிறதோ, அதன் வழிகாட்டியை அவர்கள் ஆபீஸ் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஏற்கெனவே ஆறு பேர் போய்விட்டார்கள். "ரெண்டு நாள் மட்டும் சொல்லாம இருங்களேன்" என்றாள்.

நான் சரியென்றேன். அவள்மேல் இரக்கம் கொஞ்சம், என்மேல் பயம் நிறைய. முதல் டூரிலேயே குறை வந்தால் என் முதலாளி அந்த மஞ்சள் கொடியை வேறு கைக்கு மாற்றிவிடுவார்.

அன்றைக்கு மீன் காட்சியகம், அடுத்த நாள் ஒரு மலை, ஒரு புத்தர் கோயில் என்று நிகழ்ச்சியை மாற்றினேன். "பார்க்கை மூணாம் நாள் வெச்சுக்கலாமுங்க. கூட்டமிருக்காது" என்று மைக்கில் சொன்னேன். "ஆகட்டுங்க" என்று பஸ்ஸே ஒரே குரலில் சொன்னது. கூட்டமிருக்காது என்பது மட்டும் உண்மை. வழியெல்லாம் பாதி இறக்கிய ஷட்டர்கள். முந்நூறு அறை ஓட்டலில் காலை உணவுக்கு நாங்கள் மட்டும். ஒவ்வொரு மேசைக்கும் மூன்று சிப்பந்திகள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக்கூட, "நல்ல கவனிப்புங்க" என்று பாராட்டிவிட்டு இட்லிப்பொடியைப் பிரித்தார்கள் எங்கள் ஆட்கள். காலையில், "தண்ணி வெளையாட்டுக்கு மாத்துத்துணி எடுத்துக்கோணுங்களா தம்பி?" என்று ஒருவர். "ராட்டாந்தூரில ஒரு தொட்டிலுக்கு எத்தன பேருங்க?" என்று ருக்மணியக்கா. நானும் நாக்கூசாமல் பதில் சொன்னேன். இவ்வளவு அப்பாவிகளை ஏமாற்றுகிறோமே என்று படுக்கையில் புரண்டேன்.

மூன்றாம் நாள் காலை. பார்க் திறக்கவில்லை. எல்லோரும் பஸ்ஸில் ஏறியாயிற்று. ருக்மணியக்கா அதற்காகவே வாங்கிய வெள்ளைத் தொப்பியும் போட்டாயிற்று. மைக்கைப் பிடித்தேன். சும்மா அதன் ஒயரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன். அப்போது அக்காவின் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி எழுந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"தம்பி, அந்த மைக்கைக் கீழ வெச்சுப்போட்டு ஒக்காருங்க. பார்க் மூடிக் கெடக்குதுன்னு மொத நா ராத்திரியே எங்களுக்குத் தெரியுமுங்க. டிவில பாத்துப்போட்டு ஊட்டுலயிருந்து பசங்க கூப்புட்டாங்க."

"அப்புறம் எதுக்குங்க மாத்துத்துணி, தொட்டிலுன்னு..." என்று இழுத்தேன்.

"நீங்க அத்தன பிரயாசப்பட்டு மறைக்கறீங்க. தெரியும்னு சொன்னா வெசனப்படுவீங்கல்ல?" என்றார் ருக்மணியக்கா. பின்னாலிருந்து பத்துத் தலைகள் ஆமாமென்று ஆடின. இரண்டு நாட்களாக நான் இருபத்து மூன்று பேரை ஏமாற்றினேன். இருபத்து மூன்று பேரும் கூடிப் பேசி என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், நான் மனம் கோணக்கூடாது என்று. இப்படியொரு தப்பை எங்கள் ஜில்லாக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். வெட்கத்தில் கொடியை மடக்கினேன், விரித்தேன், மறுபடி மடக்கினேன்.

பஸ் படியில் லின், ஆபீஸ் கொடுத்தனுப்பிய ஒரு படிவத்தோடு நின்றாள். கையெழுத்துப் போட்டால் அன்று மாலை விமானத்திலேயே ஊர் திரும்பலாம். ஊரில் மகன்கள் அதைத்தான் வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டா இந்த அம்மணிக்கு என்னாகுமுங்க?"

இனி எதை மறைக்க? சொன்னேன். லின் என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அவளாகவே இங்கிலீஷில் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். "தெருவுல நிக்கறவங்க கேக்கறது தப்பில்லை. என் தம்பியும் அங்கதான் நிக்கறான். ஆனா அவங்க ஜெயிக்கிற வரைக்கும் நானும் சாப்பிடணும்."

சாப்பாட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய்தான் முதலில் பேசினார். "ஒரு ஊரு கதவச் சாத்திக் கெடந்தா மொதல்ல யாரு பட்டினின்னு எங்க தெருவுக்குத் தெரியுமுங்க." அதற்குமேல் விளக்கவில்லை. கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதுமில்லை.

அக்கா படிவத்தை மடித்து லின்னிடமே கொடுத்தார். "ஏனுங்க, ஆனைமலைக்குப் போறோம், மாசாணியம்மன் கோயில் நடை சாத்தியிருக்குது. உடனே திரும்பி வந்தர்றமா? வெளிய நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தானுங்க வாரோம். பார்க் கேட்டு வரைக்கும் போலாமுங்க. ரோடு பத்திரந்தானான்னு மட்டும் அம்மணியக் கேளுங்க."

கடலோரச் சாலை பத்திரம் என்றாள் லின். வழியில் ஓரிடத்தில் மட்டும் பதாகைகளோடு பையன்களும் பெண்களும் நின்றிருந்தார்கள். பஸ் நின்றது. ஒருவன் ஜன்னலில் எட்டிப்பார்த்தான். பட்டுச்சேலைகளையும் வெள்ளைத் தொப்பியையும் கண்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வழிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் சோர்ந்துபோயிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பார்க் கேட் ஆளுயரத்துக்கு நாலு மடங்கு. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. விஷயம் தெரியாமல் வருகிறவர்கள் ஏமாந்துபோகக் கூடாதென்று கரடி வேஷத்தில் ஒருவரை வெளியே நிறுத்தியிருந்தார்கள். கூடக் காவலாளிகள், திறந்தாலும் திறக்கும் என்று நடந்தே வந்துவிட்ட வேலையாட்கள், எல்லாம் சேர்த்து ஏழெட்டுப் பேர். எங்கள் ஆட்களுக்குச் சாப்பிடாமல் நிற்கிறவர்களைப் பார்க்க முடியாது. வண்டி நிறுத்துமிடத்திலேயே பாய் பெட்டியைத் திறந்தார். கரடி தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உள்ளே நரைத்த தலைக்காரர் ஒருவர், வேர்த்து வழிந்தார். அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் அப்பளமும். ருக்மணியக்கா, "இன்னொரு கரண்டி வெச்சுக்கோங்க" என்று கரடியிடம் பல்லடத்துத் தமிழிலேயே சொன்னார். கரடி தட்டை நீட்டியது.

சாப்பிட்டு முடிக்கும்போது உள்ளே ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. ஆள் இல்லை, பாட்டு இல்லை. எல்லோரும் எழுந்துவிட்டோம். மூடியிருந்தாலும் தினம் ஒருதரம் ஓட்டிவைப்பார்களாம். பொன்னுச்சாமிக்கு அது நொடியில் புரிந்தது. "மெசினச் சும்மா போட்டா புடிச்சுக்குமுங்க" என்றார், மோட்டார் பம்புக்குப் பேர்போன பக்கத்துக்காரர். அக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சுற்றுவரை பார்த்தார். அது நின்றதும் கையெடுத்து ஒரு கும்பிடு. "பாத்தாச்சுங்க" என்றார். திரும்பி லின்னின் கன்னத்தைத் தொட்டு, "அழுவாத அம்மணி" என்றார். அழுதது லின்தான், நானில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

குறித்த நாளில்தான் ஊர் திரும்பினோம். லின் வேலை தப்பியது. என் முதலாளியிடம் ஒரு குறைகூடப் போகவில்லை. மாறாக, மறு வருடம் ஊர் அமைதியானதும் அதே குரூப் வந்து நின்றது. அதே ஊர், அதே வழிகாட்டி, அதே பாய் வேண்டும் என்றார்கள். என்னையும் சேர்த்துத்தான். அந்த ஒரு வார்த்தையில் என் வேலை எனக்கே சொந்தமான மாதிரி இருந்தது. நான் அதற்கு முறையாக நன்றிகூடச் சொன்னதில்லை; அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த முறை கேட் திறந்திருந்தது. உயரம் என்றால் பொன்னுச்சாமிக்குத் தலை சுற்றும். ராட்டினத்தில் ஏற யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனாலும் அக்கா கழற்றினார். பொன்னுச்சாமி ஒன்றும் கேட்காமல் குனிந்து எடுத்து, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார். லின்னின் கையைப் பிடித்தபடி அக்கா மேலே போனார். இறங்கி வந்து, "பயத்துல கண்ண மூடிட்டேனுங்க. ஒண்ணுமே பாக்கலீங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது அந்த டிராவல்ஸ் இல்லை. அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். பாய் மகள் வீட்டோடு போய்விட்டார். பொன்னுச்சாமி தவறி இரண்டு வருடமாகிறது. எங்காவது கலவரமென்றால் இன்று போனே பயணத்தைத் தானாக ரத்துசெய்துவிடுகிறது. யாரும் யாருக்காகவும் மைக் முன்னால் விழிக்க வேண்டியதில்லை, அது நல்லதுதான். லின்னின் ஊரில் மறுபடி போராட்டம் வந்தது, வெளியூர்க் கூட்டம் வரவில்லை, இந்தத் தடவை பார்க்கால் தாங்க முடியவில்லை. அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

அடுத்த பஸ்ஸும் போனபிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். நல்லாயிருக்கீங்களா, ஊட்டுல சௌக்கியமுங்களா, மழை எப்படி, கோழிக்குச் சீக்கு எதுவும் இல்லையே என்று சுற்றிச் சுற்றிப் பேசினேன். சொல்ல மனம் வரவில்லை. "சரிங்கக்கா, வெச்சர்றேனுங்க" என்றேன்.

"தம்பி" என்றார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "தொட்டிலெல்லாம் கழட்டிப்போட்டாங்களாமா. அம்மணி எனக்கு நேத்தே அனுப்பியிருச்சுங்க, பேத்தி போனுல காமிச்சா. நீங்க வெசனப்படுவீங்கன்னுதானுங்க சொல்லல."

அடுத்து வந்த பொள்ளாச்சி பஸ்ஸையும் கை காட்டிப் போகச் சொன்னேன்.

"விடுங்க தம்பி. செருப்புக்குக் காவலிருந்த மனுசனும் போயாச்சு, தூரியும் போயாச்சு. ஆனா ஒருக்கா ஏறிட்டனில்லீங்க."