தொலைந்துபோகத் தெரிந்த ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார் என்று காந்தா அண்ணி போனில் சொன்னபோது நான் ஹெப்பகோடியில் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லையாம். போனை வைக்குமுன், "ராணியயும் கூட்டினு வாம்மா" என்றார் அண்ணி. என் நாயை வாசற்படிகூட ஏற விடாதவர் அவர். செய்தி கேட்டு வராத அழுகை அதைக் கேட்டதும் வந்தது.

நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் அண்ணனைத் தெரியாதவர் கிடையாது. காணாமல் போனவர்களை மோப்பம் பிடித்துத் தேட நாம் நாய்களைப் பழக்குகிறோம். அதற்கு வாராவாரம் யாராவது தொலைந்துபோக வேண்டும். நாயோடு ஓடுவதற்கு எல்லோரும் முந்திக்கொள்வோம். முள்ளுக்குள் எறும்புக்கடி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார எவருக்கும் மனசு வராது. சிவாஜிநகர் துணிக்கடையில் வாரம் ஆறு நாளும் நின்றே வேலை பார்த்த அண்ணன், "எனக்கு உக்கார்ற வேல குடுங்க, போதும்" என்று வந்து சேர்ந்தார். குழுவில் நாய் வளர்க்காத ஒரே ஆள் அவர்தான்.

ஆரம்பத்தில் நான் செய்த தப்பை நீங்கள் இன்னும் கிண்டல் செய்கிறீர்கள். அவருடைய கைக்குட்டையை வெறும் கையால் எடுத்து ராணிக்கு மோந்து பார்க்கக் கொடுத்துவிட்டேன். என் வாசனை அதில் ஒட்டிவிட, அது ஒரு சுற்று சுற்றிவிட்டு என் காலடியிலேயே வந்து உட்கார்ந்தது. புதருக்குள் காத்துக் காத்து அலுத்து வெளியே வந்த அண்ணன் கோபப்படவில்லை. "அது கரெக்டாதான் கண்டுபுடிச்சுது. நீதான் தொலஞ்சுபோயிட்டன்னு நெனச்சுகிச்சு, பாவம்" என்றார். அடுத்த வாரம், துணியைக் கை படாமல் எடுக்க வீட்டு இடுக்கியைக் கொண்டுவந்துவிட்டார். பால் பாத்திரம் இறக்க இடுக்கி இல்லாமல் அண்ணி திட்டிய திட்டெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி நமக்கு மனப்பாடம்.

நாய் தன்னைக் கண்டுபிடித்ததும், நிஜமாகவே தொலைந்திருந்தவர் போல அதைக் கட்டிக்கொண்டு "வந்துட்டியா கண்ணு" என்பார். பிஸ்கட்டுக்காக அல்ல, அந்தக் குரலுக்காகத்தான் ராணி ஓடியது.

ஒருமுறை ஹெப்பகோடிக்குப் பக்கத்தில், நினைவு தப்பிய ஒரு பெரியவரைத் தேடிப் போனோம். ராணி தடம் தவறாமல் ஏரிக்கரைவரை இழுத்துப் போனது. பெரியவர் அங்கே இருந்தார், உயிர் இல்லை. அவருடைய பிள்ளைகள் அழுத அழுகையில் ராணியை யாரும் கவனிக்கவில்லை. தப்பு செய்துவிட்டதுபோல் அது வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கும் தெம்பில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. "உயிரோட ஒருத்தர கண்டுபுடிச்சுட்டுத்தான் அது வூட்டுக்குப் போவணும். இல்லன்னா நாளைக்கு எதுக்குத் தேடப்போவுது?" என்றார். மூட்டுவலியோடு வேலியைத் தாண்டிப் போய் ஒரு பம்ப்செட் அறைக்குப் பின்னால் குந்திக்கொண்டார். ராணி போய்ச் சேர்ந்தபோது அவர் சொன்ன "வந்துட்டியா கண்ணு" எனக்கும் சேர்த்துத்தான்.

ஜீவனஹள்ளி வீட்டில் அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ராணி பெட்டியைச் சுற்றி மோந்துவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல அது உட்காரும் விதம் உங்களுக்குத் தெரியும். வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. பிறகு வால் நின்றது. தலையைத் தரையில் போட்டுக்கொண்டது.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த அண்ணி ராணியையே பார்த்தார். ஏரிக்கரைக் கதையை அண்ணன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தார். தன் தோளில் கிடந்த துண்டை என் முன்னால் தரையில் போட்டு, "கையால தொடாத, இடுக்கில எடு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுப் பக்கம் போனார்.

அண்ணன் கொண்டுவந்த அந்த இடுக்கி என் பையில்தான் இருந்தது. ராணிக்குத் துண்டைக் காட்டினேன். சந்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த அண்ணியை அது கண்டுபிடித்தது. நாயைத் தொட்டே அறியாத கைகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டன. "வந்துட்டியா கண்ணு" என்றார் அண்ணி. அப்புறம்தான் வாய்விட்டு அழுதார்.

இடுக்கியைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. அதுவும் அந்த இரண்டு சொற்களும் இனி என்னிடம் இருக்கும். வரும் ஞாயிறு ராணியின் கயிற்றை உங்களில் யாராவது பிடித்துக்கொள்ளுங்கள். முள்ளுக்குள் போய் நான் உட்காருகிறேன்.