சேவியர் அண்ணன் வாசித்த அட்டை

போன வாரம் கண்டோன்மென்ட் கேம்ப் பகுதிக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரரின் தோளிலிருந்து வலித்தைல வாசனை அடித்தது. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். காய்கறிகூடப் பட்டியல் போட்டு வாங்கும் எனக்கு இப்படி நடப்பதில்லை.

அது சேவியர் அண்ணனின் வாசனை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பம்பாய் ரயில் பாதையிலுள்ள தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை. அமெச்சூர் குத்துச்சண்டையில் மூன்று வருடம் சாம்பியன். பிறகு வேலையை விட்டுப் புரொஃபஷனல் ஆனார். என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டேன். "முன்னெல்லாம் பனியன் போட்டுட்டு அடி வாங்கினேன். இப்போ கழட்டிட்டு வாங்குறேன்," என்றார்.

ஒவ்வொரு சண்டைக்கும் உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்காக, நான் டெக்னீஷியனாக இருந்த கேம்ப் கிளினிக்குக்கு வருவார். எடை, நாடி, ரத்த அழுத்தம், கண் என்று வரிசை மாறாமல் நான் குறித்துக் கொடுப்பேன்; டாக்டர் கையெழுத்திடுவார்.

பம்பாய்ச் சண்டைக்காக ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். அதில் ஜெயித்தால் வெளிநாடு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேல்வரியிலிருந்து பொடி வரிவரை இங்கிலீஷ் எழுத்துகளை நிதானமாக வாசித்தார். மறு கண்ணுக்கும் அப்படியே. கடைசி வரியில் சிரமப்படுவதுபோல இமையைக்கூடச் சுருக்கினார்.

அன்று காலையில்தான் எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு, இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கான எண் அட்டையை மாட்டியிருந்தேன். சுவரில் ஓர் எழுத்துகூட இல்லை.

"தப்பா வாசிச்சிட்டேனா தங்கச்சி?"

"சரியாத்தான் வாசிச்சீங்க அண்ணே. ஆனா அந்த அட்டை இப்போ இங்க இல்ல."

எழுந்துபோய் அட்டையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறதாம். எதிராளியின் ஷூ உரசும் சத்தத்தை வைத்தே ஆறு மாதமாக ஆடுகிறாராம். வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். பிறகு, "பழசை மாட்டிட்டு இன்னொரு தடவ கேளேன்," என்றார். சிரிக்கவில்லை.

தகுதியில்லை என்று எழுதினேன். டாக்டரும் கையெழுத்திட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பம்பாயில் ரிங் ஏறினார். ஊரில் வேறு கிளினிக்குகள் இருந்தன. அங்கெல்லாம் பழைய அட்டைதான்.

போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் ரவுண்டில் எதிராளி அசையாமல் நின்றுவிட்டானாம். கூட்டமும் அடங்கிப்போனதாம். அண்ணன் மட்டும் ஆளில்லாத மூலையில் கச்சிதமாகக் குத்திக்கொண்டிருந்தாராம். பக்கத்திலிருந்து வந்த ஒரே அடியில் விழுந்தவர், பிறகு எழவேயில்லை.

அண்ணன் பழகுவதற்காகக் கிடங்கு ஆட்கள் ரிங் கட்டிய மைதானத்தில் இப்போது ஊழியர் குவார்ட்டர்ஸ். அந்தக் கிளினிக்கும் இல்லை. இப்போதிருக்கும் இடத்தில் நான் யாரையும் வரிசையாக வாசிக்கச் சொல்வதில்லை. குச்சியை அட்டையின் நடுவில் எங்காவது வைத்து, இது என்ன என்று கேட்கிறேன். சிலர் நான் குச்சியை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.