பாஸான கரை

எங்கள் ஊர் ஓடையில் தடுப்பணை கட்டுவதற்காகப் போன வாரம் அளக்க வந்தார்கள். அதில் ஒரு பெண் இஞ்சினியர், "பாட்டி, முன்னால இந்த ஓடை எங்க ஓடுச்சு?" என்று கேட்டாள். எனக்குக் கூச்சம். கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். வாய் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் பருத்திப் புஞ்சை. எதிர்க்கரையில் தாய்மாமன் புஞ்சை. ஐப்பசி வெள்ளத்துக்கு இரண்டு கரையும் இடிந்து விழும். அந்த வருடம் வெயில் காலத்தில் ஜீப்பில் ஓவர்சியர் ஒருவர் வந்து, இரண்டு கரையிலும் இரும்புக் கம்பிகளைத் தலை மட்டும் தெரிகிற மாதிரி அடித்துவிட்டுப் போனார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. கேட்க யாருக்கும் தைரியமும் இல்லை.

முதல் வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தால், மண் கரைந்து கம்பிகள் முழ நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யாவுக்கு முகம் செத்துவிட்டது.

"ஓடை தின்ன எடத்தையெல்லாம் சர்க்கார் புறம்போக்குன்னு எழுதத்தான் இந்தக் கம்பி. இது வெளிய தெரிஞ்சா நம்ம புஞ்சை போச்சுட்டி" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஈரக் கரிசலில் சக்கரம் புதைந்துவிடும். மண் காய்கிற வரை ஜீப் வராது. அதற்குள் அய்யா மண் வெட்டிப் போட, நான் வரகு வைக்கோலைச் சேர்த்து மிதிக்க, அம்மா தானியக் குதிருக்குப் பூசுவது போலவே கரையைப் பூசி மெழுகினாள். கம்பியின் தலையைக்கூட முந்தானையால் துடைத்துவிட்டாள்.

எதிர்க்கரையிலிருந்து மாமா கத்தினார்: "ஏ மச்சான், கரைக்குக் கல்யாணமா? தோரணம் கட்ட ஆள் அனுப்பவா?"

"சிரிக்கட்டும். புஞ்சை போன பொறவு உங்க அண்ணன் நம்ம வாசல்லதான் வந்து நிப்பாவ" என்றார் அய்யா. அம்மா பூசிக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இதே வேலை. தை பிறந்து ஜீப் வந்தது. ஓவர்சியர், மாமாவின் கரையில் நீட்டி நின்ற கம்பிகளை அளந்து உதட்டைப் பிதுக்கினார். எங்கள் கரையைத் தட்டிப் பார்த்து, "பிரமாதம்! இது ஆடல அசையல. கெட்டியான கரை" என்றார். அய்யா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க நான் சொல்லித் திரிந்தேன், "எங்க கரை பாஸு. எங்க மாமா கரை பெயிலு."

அடுத்த கோடையில் கல் ஏற்றிய வண்டிகள் வந்தன. மாமா கரையில்தான் கல்லை இறக்கினார்கள். அய்யா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓவர்சியரிடம் ஓடினார்.

"கம்பிய வச்சு அளந்தோமே, உங்க கரைதான் தானாவே நிக்குதே. அரிக்கிற கரைக்குத்தான் கல்லு" என்றார் அவர்.

அய்யா எங்கள் பூச்சை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த ஐப்பசியில் வெள்ளம் மாமாவின் கல் சுவரில் மோதி, அதே வேகத்தில் எங்கள் பக்கம் பாய்ந்தது. முளைவிட்ட பருத்தியோடு பாதிப் புஞ்சையைக் காணோம். ஓடையே எங்கள் நிலத்துக்குள் வந்துவிட்டது. மாமா வந்தார். கேலி எதுவும் பேசவில்லை. "ஏம் புஞ்சையில பாதிய உழுது பொழச்சுக்கிடும் மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாஸானது நாங்கள், பரிசு மாமாவுக்கா? ஓவர்சியர் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் வண்டிப்பாதையில் போய் நின்றேன்.

அம்மா தேடி வந்தாள். "இங்கன என்னட்டி செய்யுத?"

"ஜீப்பு வந்தா சொல்லணும்மா. நாம எம்புட்டுக் கஷ்டப்பட்டுக் கரையைப் பூசுனோம்னு அவியளுக்குத் தெரியாதுல்லா?"

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள் அம்மா. வைத்துவிட்டு அவள்தான் அழுதாள். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன்.